வேர்த்து நனைந்த ராத்திரிகள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கடன், வசூல் பத்திப் பேச மத்தவங்க இருக்காங்க. என்னைத் தூக்கத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. சிரிக்காதீங்க. தூக்கம் கெட்டா என்ன ஆகும்னு எங்க குழுவோட பதிவேட்டைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

2021 மே மாசம், ரெண்டாவது அலையில எனக்குக் கொரோனா வந்தது. எட்டு நாள் காய்ச்சல். அப்புறம் விட்டுடுச்சு. ஆனா ராத்திரி ரெண்டு மணி ஆனா போதும், தண்ணி மொண்டு ஊத்தின மாதிரி வேர்க்கும். ரவிக்கை, தலையணை எல்லாம் நனைஞ்சுபோகும். துடைச்சு மாத்திப் படுத்தா குளிரும். அப்புறம் எங்க தூங்கறது? தெருவுல யார் யார் போய்ச் சேர்ந்தாங்கன்னு விடியற வரைக்கும் மனசு கணக்கெடுக்கும். எனக்கு அப்ப 46 வயசு. "தீட்டு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்"னு மாமியார் சொன்னாங்க. நானும் வெளியே சொல்லல.

ஒரு மாசம் இப்படிப் போச்சு. ஒருநாள் 4,800 ரூபாய் வசூலை 8,400னு எழுதிட்டேன். வங்கியில கட்டப் போனப்பத்தான் தெரிஞ்சுது. கூட்டத்துல யாரும் திருடின்னு சொல்லல. ஆனா ரெண்டு பேர் பேசாம நோட்டை வாங்கிப் புரட்டினாங்க பாருங்க, அது போதும். அன்னைக்குத்தான் அழுதுக்கிட்டே உள்ளதைச் சொன்னேன். பிரதிநிதி அக்கா மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

டாக்டரம்மா நிறைய கேட்டாங்க. இருமல் இருக்கா, எடை குறைஞ்சிருக்கா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா, தீட்டு எப்படி வருது? சளி, சுகர், தைராய்டு எல்லாம் பரிசோதனை பண்ணினாங்க. ஒண்ணும் இல்லை. அப்புறம்தான் சொன்னாங்க: உடம்புச் சூட்டை ஏத்தி இறக்குற இடம் மூளையில இருக்கு, பெரிய காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு அது பழைய நிலைக்கு வர வாரக்கணக்கு, மாசக்கணக்கு கூட ஆகும்னு. தூக்க மாத்திரை கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க. மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்கவும் கூடாதுன்னாங்க.

அவங்க சொன்னதைத்தான் செஞ்சேன். நைலான் நைட்டியை விட்டுட்டேன். பாயில பழைய பருத்திப் புடவையை விரிச்சு, பக்கத்துல மாத்துத் துணியும் ஒரு சொம்புத் தண்ணியும் வச்சுக்கிட்டேன். வேர்வையில போற தண்ணியை ஈடு கட்டணும் இல்லையா? ஜன்னல்ல கொசுவலை அடிச்சுத் திறந்து வச்சோம். நாலு மணிக்கு மேல டீ கிடையாது. இதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு! பகல்ல அரை மணிக்கு மேல படுக்கல. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுந்திருக்கிறது அஞ்சரைக்கு. தூக்கம் வரலைன்னா புரண்டுக்கிட்டுக் கிடக்காம எழுந்து திண்ணையில உட்கார்ந்துட்டு, கண்ணைச் சொக்கினப்புறம் வந்து படுப்பேன். போனைக் கையில எடுக்கிறதே இல்ல. காலையில தண்ணி எடுக்கிறதை மட்டும் வீட்டுக்காரர் ஏத்துக்கிட்டார். ரெண்டு மாசத்துல வேர்வை நின்னுச்சு.

இதோட முடிச்சா என் கதை நல்ல கதை. ஆனா ஒண்ணு சொல்லணும். பேர் சொல்லாம சொல்லுன்னு அவங்களே அனுமதி கொடுத்திருக்காங்க. அடுத்த வருஷம் எங்க குழுவுல ஒரு தங்கச்சி, "அக்கா, ராத்திரி வேர்க்குது, தூக்கமே இல்ல"ன்னு வந்துச்சு. நான் பெரிய டாக்டர் மாதிரி, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, காய்ச்சலுக்கு அப்புறம் வரும், தானா போயிடும்"னேன். எனக்கு அத்தனை பரிசோதனை பண்ணின பிறகுதானே அப்படிச் சொன்னாங்க? அது என் புத்தியில ஏறல. மூணு மாசம் கழிச்சு ஜாக்கெட் எல்லாம் தொளதொளன்னு தொங்குது, இருமல் நிக்கவே இல்ல. சளிப் பரிசோதனையில காசநோய். என் பேச்சைக் கேட்டு அது இழந்த மூணு மாசம் அது. வீட்டுல சின்னப் பிள்ளை வேற. நல்லவேளை, பிள்ளைக்குப் பரவல. ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டுக் குணமாயிடுச்சு. அதோ, மூணாவது வரிசையில உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்குது.

அதனால ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையறது, இதுல எதுவும் வேர்வையோட சேர்ந்து வந்தா காத்திருக்காதீங்க. அரசு சுகாதார நிலையத்துல சளிப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சிகிச்சையில இருக்கிறவங்களுக்குச் சத்துணவுக்காக வங்கிக் கணக்குல போடுற பணம், 2024 நவம்பர்ல இருந்து மாசம் 1,000 ரூபாய். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுட்டு ராத்திரி சாப்பிடாம படுக்கிறவங்களுக்கும் வேர்க்கும், கை நடுங்கும். அது சுகர் இறங்குறது. உடனே சர்க்கரைத் தண்ணி குடிச்சு, ஏதாவது சாப்பிட்டுட்டு, காலையில டாக்டர்கிட்ட சொல்லணும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா வர்ற தன்னார்வலர் நம்ம குழுப் பொண்ணுதான். பிரஷர், சுகர் பார்த்ததும் அனுப்பிடாம, ராத்திரி வேர்க்கிறதையும் அதுகிட்ட சொல்லுங்க. இன்னைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்பமரத்தடியில உட்கார்ந்திருக்கும். நானும் பக்கத்துல இருப்பேன். வைத்தியம் சொல்ல இல்ல, சுகாதார நிலையத்துக்குக் கூட வர்றதுக்கு.