எலும்பு பேசட்டும்!

நடுவர் அவர்களே! "சிலைக்கு அழகே முகம்தாங்க"ன்னு எதிரணி அம்மா சொன்னாங்க. சரி, நியூயார்க் சுதந்திரதேவியைப் பாருங்க. வெளியே செப்புத் தோல்; கனம் 2.4 மில்லிமீட்டர்! தாங்குவது உள்ளே ஐஃபல் அமைத்த இரும்பு எலும்பு. செம்பும் இரும்பும் ஈரத்தோடு ஒட்டினால் இரும்பு அரிக்கும். அதனால் நடுவில் கல்நார் வைத்தார்கள். அது நைந்தது. இரும்பு துருப்பிடித்து வீங்கித் தறையாணிகளையே பிடுங்கியது! உள்ளே பார்த்ததால் பிழைத்தாள். 1986-க்குள் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகள் வந்தன. (கைத்தட்டல்)

மகாராஷ்டிரம் மால்வண்! 2023 டிசம்பரில் திறந்த 35 அடி சிவாஜி சிலை 2024 ஆகஸ்டில் விழுந்தது. துரு, பலவீனமான சட்டம், சரியில்லாத வெல்டிங் என்றது விசாரணைக் குழு.

மாலை போடுறது முகத்துக்கு. குழந்தைங்க நிற்கிறது காலடியிலே! உள்கட்டமைப்பே என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.