மைதானம் தந்தது ஏற்றமே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வார்த்தையாலேயே எங்களை ஓட ஓட விரட்டிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

பள்ளி மைதானம் வாழ்க்கைக்குத் தந்தது ஏற்றமா, ஏமாற்றமா? எதிரணி அம்மையார் கேட்டாங்க, "பள்ளிக்கூடத்துல வாங்கின கப்பை வச்சு அரிசி வாங்க முடியுமா?"ன்னு. வாங்க முடியாதுங்க. ஆனா அளக்கலாம்! எங்கம்மா அளந்தாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் 400 மீட்டர் ஓடினவன். இந்த வயித்தைப் பார்த்துச் சந்தேகப்படாதீங்க. இது பின்னால வந்து சேர்ந்த சொத்து. (சிரிப்பு) மாவட்டப் போட்டியில் இரண்டு வருஷம் முதல் பரிசு. பிளஸ் டூ படிக்கும்போது ஓடுகையில் விழுந்தேன். முழங்கால் ஜவ்வு கிழிஞ்சுது. அதோட ஓட்டம் முடிஞ்சுது.

அதுவரைக்கும் என்னைப் பார்த்தா, "ஓட்டக்காரர் வர்றார்"னு சொன்ன தெரு, அதுக்கப்புறம் கேட்டுச்சு: "தம்பி, இப்ப என்ன பண்றே?" அந்தக் கேள்விக்குப் பயந்து, மைதானத்துப் பக்கமே போகாம, மூணு வருஷம் ஊரைச் சுத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கேன் அய்யா. பதினேழு வயசுல வாழ்க்கையே முடிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறது சாதாரண வலி இல்லை. எதிரணி சொன்ன அந்த வலி உண்மை. நான் மறுக்கவில்லை.

ஒருநாள் எங்க பி.டி. மாஸ்டர் வீட்டுக்கே வந்துட்டார். அம்மா கொடுத்த காப்பியைக் குடிச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன்டா, உன் ஓட்டத்தைக் கால் நிறுத்திச்சு, சரி. விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறதை யாருடா நிறுத்தினா?"

மறுநாள் அஞ்சு மணிக்கு எழுந்தேன். ஓடுறதுக்கு இல்லை, வங்கித் தேர்வுக்குப் படிக்க. முதல் தடவை தோல்வி. இரண்டாவது தடவையும் தோல்வி. கூடப் படிச்ச நண்பன் புத்தகத்தை மூடி வச்சுட்டான். எனக்கு அது முடியலை. ஏன்னா, தோத்த மறுநாள் காலையில திரும்பவும் கோட்டுல வந்து நிக்கணும்னு மைதானம் பழக்கியிருந்தது. மூணாவது தடவை வேலை கிடைச்சுது! (கைதட்டல்)

"இது உங்க ஒருத்தர் கதை" என்பீர்கள். கேரளத்துப் பி.டி. உஷாவைப் பாருங்கள். சின்ன வயசுல கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் ஓடிய பெண். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்டம். ஒரு விநாடியை நூறு பங்காக்கி, அதில் ஒரே ஒரு பங்கு! அதில் வெண்கலம் கைநழுவிப் போச்சு. அந்தம்மா மூலையில் உட்காரவில்லை. 2002-ல் தடகளப் பள்ளி தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூக்கா, 2010-ல் 800 மீட்டரில் தேசிய சாதனை படைத்தார். 2015 ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம் வென்றார்.

தொடர் ஓட்டத்தில் கையிலிருக்கும் கோலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நிற்கிறானே, அவன் தோற்றவனா? இல்லை அய்யா! அவன் தன் பங்கை ஓடி முடித்தவன்.

நடுவர் அவர்களே, ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். பையன் ஓடும்போது கைதட்டின நாம, அவன் நின்ற பிறகு ஒரு தடவையாவது அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோமா? எங்க மாஸ்டர் உட்கார்ந்தார், நான் எழுந்தேன். ஏமாற்றியது மைதானம் இல்லை. கைதட்டிவிட்டு மறந்துபோகிற நாம்தான்!

ஆகவே, பள்ளி மைதானம் தந்தது ஏற்றமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)