லெதர் ஜாக்கெட் யாருடையது? ஃபெடிஷ் குழுக்களும் வெகுசனப் பண்பாடும்

இந்த அறக்கட்டளைப் பொழிவு யார் நினைவைப் போற்றுகிறதோ அந்தப் பெருமகனார் விவாதத்துக்கு அஞ்சாதவர் என்று அவரிடம் பயின்றோர் சொல்வார்கள். அந்தத் துணிவில் நேரே பொருளுக்கு வருகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட வழக்கு இங்கே பலருக்குப் பாதி தெரிந்ததுதான். தோல், ரப்பர், சீருடை, பூட்ஸ் போன்றவற்றின் மீது பாலியல் ஈர்ப்புக் கொண்டு, அந்த ஈர்ப்பை வைத்தே கூடிப் பழகுவோரை ஃபெடிஷ் குழுக்கள் என்கிறோம். அவர்களுக்கும் சினிமா, பாட்டு, ஆடைத்தொழில் ஆகியவற்றுக்கும் என்ன உறவு? நம் பண்பாட்டு ஆய்வுத் துறை நண்பர்கள் ஒரே விடையைக் கையில் வைத்திருக்கிறார்கள்: விளிம்பில் இருப்பவர்கள் படைத்தார்கள், சந்தை அபகரித்தது. பண்பாட்டு ஆய்வாளர் டிக் ஹெப்டிஜ் 1979இல் துணைப்பண்பாடுகளைப் பற்றி எழுதிய நூலை இதற்குத் துணைக்கு அழைப்பார்கள். அந்த நூலின் நுட்பம் போய், வாய்பாடு மட்டும் மிஞ்சிவிட்டது. கருத்தரங்குதோறும் இதை மறுத்து வந்திருக்கிறேன். சான்று கேட்டார்கள். இன்று ஒரு லெதர் ஜாக்கெட்டின் வரலாற்றிலிருந்து தருகிறேன்.

நியூயார்க்கில் 1913இல் ஷாட் சகோதரர்கள் ஆடை தைக்கத் தொடங்கினார்கள். அவர்களில் இர்விங் ஷாட் 1928இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கென ஒரு லெதர் ஜாக்கெட் செய்தார். தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அதற்கு வைத்தார்: பெர்ஃபெக்டோ. ஹார்லி டேவிட்சன் விற்பனையாளர் ஒருவர் வழியாக அது ஐந்தரை டாலருக்கு விலைபோனது. அதன் ஜிப் நெஞ்சின் நடுவே இறங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கும். வண்டியின் மேல் குனிந்து உட்காரும்போது ஜிப் வயிற்றில் குத்தாது. தோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதால் எதிர்க்காற்றும் உள்ளே புகாது. அந்தச் சாய்வு ஒரு தையற்காரரின் கணக்கு. வேட்கைக்கோ கலகத்துக்கோ அதில் அன்று இடமில்லை.

அடுத்த கை ஹாலிவுட். கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் 1947 ஜூலையில் மோட்டார் சைக்கிள் கூட்டத்தினர் ரகளை செய்தார்கள். அதிலிருந்து ஒரு சிறுகதை பிறந்தது. கதையிலிருந்து 1953இல் ‘தி வைல்டு ஒன்’ படம் வந்தது. மார்லன் பிராண்டோ அத்தகைய ஜாக்கெட்டோடும் சாய்த்து வைத்த தொப்பியோடும் திரையில் நின்றார். பிரிட்டிஷ் தணிக்கைக் குழு 1967 வரை அந்தப் படத்துக்குச் சான்றிதழ் தரவில்லை.

1954இல் லாஸ் ஏஞ்சலஸில் தன்பால் ஈர்ப்புடைய ஆண்கள் ‘சாட்டர்ஸ்’ என்ற மோட்டார் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். படம் வந்த மறு ஆண்டு அது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களின் தோழமையும் சேர்ந்துதான் இந்தச் சங்கங்கள் உருவாயின. ஒரு படத்தால் மட்டும் உருவானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆண்மையோடு நடமாட அவர்கள் தேடிய உருவத்தை வெள்ளித்திரை தயாராக வைத்திருந்தது. கடைச் சரக்கை, காசு கொடுத்துப் பார்த்த படத்தின் பிம்பத்தை, அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கே யார் யாரிடமிருந்து அபகரித்தார்கள்? என் நண்பர்கள் இந்த இடத்தில் மௌனம் சாதிக்கிறார்கள்.

பின்லாந்துக்கு வாருங்கள். டூர்க்கு நகரை அடுத்த காரினாவில் 1920இல் பிறந்த டௌகோ லாக்சோனன் போர்க்காலத்தில் படை அதிகாரியாக இருந்தவர், பியானோ பயின்றவர், பிறகு ஹெல்சின்கியில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தன்பால் உறவு அவர் நாட்டில் 1971 வரை குற்றம். இரவில் யாருக்கும் காட்டாமல் பென்சிலால் சீருடை ஆண்களை வரைந்தார். பிராண்டோவின் உருவம் பரவியபின் லெதர் ஜாக்கெட்டும் அந்த ஆண்களின் மேல் ஏறியது. 1957இல் அமெரிக்க இதழான ‘ஃபிசிக் பிக்டோரியல்’ அவர் படத்தை அட்டையில் போட்டு, ‘டாம் ஆஃப் பின்லாந்து’ என்று பெயரும் சூட்டியது. அந்தத் தோலின் பளபளப்பைக் கூர்ந்து பாருங்கள்: மடிப்பின் மேல் ஒளி ஒரு வெண்கோடாக ஓட, பக்கத்திலேயே கறுப்பு அடர்ந்து நிற்கும். பகலில் பொருளை விற்கப் படம் தீட்டிய கை அது. விளம்பரத் தொழிலின் பயிற்சியே விளிம்பின் கலையாக மாறியது. அந்த ஓவியங்களைப் பார்த்து ஆண்கள் உடுத்தத் தொடங்கினார்கள். உடுத்தியவர்களைப் பார்த்து அவர் மீண்டும் வரைந்தார். பின்லாந்து அஞ்சல் துறை 2014இல் அவர் ஓவியங்களை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது.

இனி மேடை. பர்மிங்காம் பகுதியிலிருந்து வந்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1978 வாக்கில் தோலும் ஆணிப் பட்டைகளுமாக மாறியது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டு ஹார்லி வண்டியிலேயே மேடைக்கு வந்தார். ஹெவி மெட்டல் கேட்ட உலகத்துப் பையன்களெல்லாம் அந்தக் கோலத்தைத் தங்களுடையதாகவே நினைத்தார்கள். 1998இல் ஹால்ஃபோர்டு தான் தன்பால் ஈர்ப்புடையவர் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். உடனே ஆய்வாளர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்: மறைத்து வைத்த வேட்கையை அவர் ஆடையில் காட்டினார் என்று. அவரோ தம் தன்வரலாற்றில் அதை மறுக்கிறார். அந்தக் குழுக்களின் பழக்கங்களில் தமக்கு ஈடுபாடே இருந்ததில்லை என்கிறார். அவர் சொல்லை நான் ஏற்கிறேன். உடுத்தியவரின் மனத்தைத் துருவுவதை நாம் நிறுத்த வேண்டும். வேட்கையில்லாதவர் உடலிலும் ஆடை தன் வரலாற்றைச் சுமந்து நடக்கும். விளிம்பினர் செய்த பணியும் இங்கேதான் தெரிகிறது. சந்தை ஒரு பருவத்தில் மறந்துவிடும் பொருளை அவர்கள் பல்லாண்டுகள் பேணினார்கள். எந்தப் பட்டை எந்தக் கையில், எந்தப் பூட்ஸ் எப்படித் துடைக்கப்பட வேண்டும் என்று முறைகள் வகுத்தார்கள். அந்தப் பேணல் இல்லையேல் 1978இல் எடுத்துக்கொள்ள எதுவும் இருந்திராது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். லண்டன் கிங்ஸ் ரோடு 430ஆம் எண் கடையில் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் முதலில் பழைய ராக் ஆடைகளை விற்றார்கள். 1974இல் ‘செக்ஸ்’ என்று பெயர் மாற்றி ரப்பர் ஆடை விற்றார்கள். அங்கிருந்து பிரிட்டனின் பங்க் கோலம் கிளம்பியது. 1992இல் ஆடை வடிவமைப்பாளர் வெர்சாச்சே ஃபெடிஷ் ஆடைகளின் வார்களையும் கொக்கிகளையும் சீமாட்டிகளுக்குத் தைத்தார். படக்கதை நாயகி ‘வொண்டர் வுமன்’ 1941இல் வெளிவந்தபோது அவளைப் படைத்த உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் கதைதோறும் சங்கிலிகளை நுழைத்தார். வாக்குரிமைக்குப் போராடிய பெண்களின் கேலிச்சித்திரங்களில் வந்த சங்கிலியும் அவருடைய தனி ஈர்ப்பும் அதில் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கின்றன. சினிமா பார்த்துக் கெட்டுப்போனார்கள் என்னும் எதிர்த்தரப்புக்கு விரிவான மறுப்பு வேண்டியதில்லை. வயது வந்தோர் இசைந்து கொள்ளும் இத்தகைய ஈர்ப்பை நோயாகக் கருதுவதை உலக நலவாழ்வு அமைப்பின் ஐசிடி-11 நோய் வகைப்பாடே கைவிட்டுவிட்டது.

நேரம் நெருங்குவதால் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி அமைகிறேன். தையற்காரர்கள், தோல் பதனிடுவோர், அஞ்சல்வழி விற்ற சிறு கடைகள் ஆகியோரின் கணக்கேடுகளை அநேகமாக யாரும் படிக்கவில்லை. ரப்பர் ஆடைக்கும் அறிவியல் புனைகதைப் படங்களுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை ஒருவர் தனியே ஆராயலாம். பெண்கள் நடத்திய குழுக்களைப் பற்றி இந்தப் பொழிவில் நான் தொடவே இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் லெதர் குழுக்களிடையே மானிடவியலாளர் கேல் ரூபின் செய்த களப்பணியை மாதிரியாகக் கொள்ளுங்கள்.

எயிட்ஸ் அந்தத் தலைமுறையில் பலரைக் கொண்டுபோனது. அவர்களின் இதழ்களும் ஆடைகளும் கடிதங்களும் பல வீடுகளிலிருந்து குப்பைக்குப் போயின. அதைத் தடுக்கவே சிகாகோவில் 1991இல் ஓர் ஆவணக்காப்பகம் தொடங்கினார்கள். இளம் ஆய்வாளர்கள் கோட்பாட்டு நூல்களை மூடிவைத்துவிட்டு அத்தகைய காப்பகங்களின் பெட்டிகளைத் திறக்க வேண்டும். அதற்கான பயணநிதியை இந்த அறக்கட்டளை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.