வீட்டு வரியும் எல்லைத் தமிழரும்

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அடுத்திருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் பாறசாலையில் நம் வீட்டு வரிக்கு ‘வஸ்து நிகுதி’ என்று பெயர்.

உடைமையாளர் தாமே குடியிருக்கும் 60 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 646 சதுர அடிக்கு, 2023 ஏப்ரல் முதல் கேரள அரசு வரிவிலக்கு அளித்துள்ளது. ஆனால் விலக்கு வீடு தேடி வருவதன்று. பஞ்சாயத்துச் செயலாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். முறையீடு எழுவது இங்கேதான். நம்முள் முதியோர் பலர் மலையாளம் தடையின்றிப் பேசுவர், எழுத அறியார். விண்ணப்பத்துக்குப் பிறர் கையை நாடுகின்றனர். கொடுத்த தாள் என்னவாயிற்று என்றறியப் பலமுறை நடக்கின்றனர்.

அளவையிலும் பிணக்கு உண்டு. அறைகளின் உட்புறத்தை அளந்து 56 என்போம். சுவர்த் தடிப்பும் சேர்ந்தால் 60ஐத் தாண்டிவிடும். சுவரையும் சேர்த்துக் கணக்கிடுவதே விதி. அதில் குறை கூற இடமில்லை. அளந்த கணக்கைக் காட்டாது மறுப்பதுதான் முறையன்று. (அலுவலர் பற்றாக்குறை என்பார்கள், வரிச்சீட்டு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது!)

ஆகவே விண்ணப்பத்துக்கு ரசீது கேளுங்கள். மறுப்பை எழுத்தில் பெறுங்கள். அத்தாள் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் அப்பால், திருவனந்தபுரத்தில் உள்ளாட்சி அமைப்புகளுக்கான தீர்ப்பாயம் இருக்கிறது.