வீட்டு மொழியும் தேர்வு மொழியும்



2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் முதல் வகுப்பில் கட்டாயமான தமிழ், ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2016-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டியது. உருது பயின்ற பிள்ளைகள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. தமிழ் கற்பதில் நமக்கு மறுப்பேது? கற்பிக்கும் ஆசிரியரை அமர்த்தாமல் தேர்வை மட்டும் வைப்பதே அநீதியாகும்.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அரபுத்தமிழில் நூல்கள் இயற்றினார்கள். அரபியில் இல்லாத ட, ள, ழ ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புதிய எழுத்தமைத்த மரபு அது. ஓதக் கற்ற பிள்ளை, அறிந்த எழுத்திலேயே தாய்மொழியையும் வாசித்தது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்லும் அம்முறையை மக்தபில் நாமும் கைக்கொள்ளலாமே! தமிழ் வீட்டுப் பிள்ளைக்குப் பாடத்தின் பொருளைத் தமிழிலேயே சொல்வோம். உருது வீட்டுப் பிள்ளைக்கு மஃரிபுக்குப் பின் தமிழெழுத்துக் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். அவருக்குரிய ஊதியத்தை வரும் பொதுக்குழுவில் முடிவு செய்யுங்கள்.