கருவுற்ற தாய்மாரும் சோதனை அறிக்கையும்



நம் குடும்பங்களில் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்தபின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆனால் இக்காலத்து முக்கியமான சோதனைகள் அதற்கு வெகு முன்பே, அவள் இக்கல்கத்தாவில் தாயின் துணையின்றி இருக்கும்போதே வந்துவிடுகின்றன. 11-ஆம் வாரம் தொடங்கி 14-ஆம் வாரத்துக்குள் ஸ்கேனும் இரத்தச் சோதனையும் செய்கிறார்கள். டாக்டர் வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ விளக்குகிறார். பெண் தலையசைத்துவிட்டு வருகிறாள். தலையசைப்பு புரிந்ததற்கு அடையாளமன்று என்பதை வெளியூரில் வாழும் நாம் நன்கறிவோம்.

இச்சோதனை தீர்ப்புரைப்பதன்று, ஐயத்தை அளந்து காட்டுவது மட்டுமே. அரிசியில் கல் பொறுக்குகிறவள் ஐயத்துக்கு இடமானவற்றையெல்லாம் முதலில் ஒதுக்குகிறாள். ஒதுக்கியவை அனைத்தும் கல்லாகிவிடுமா? டவுன் சிண்ட்ரோம் பற்றி '200-இல் 1' என அறிக்கை வருமானால், அத்தகைய விடை பெற்ற 200 தாய்மாரில் 199 பேரின் குழந்தைகளுக்கு அக்குறை இராது என்பதே பொருள். இதனை அறியாது இரவெல்லாம் கண்ணீர் வடிப்போர் உண்டு. 'ஆபத்துக் குறைவு' என்ற விடையும் முழு உறுதியன்று.

உறுதி வேண்டின், 15 வாரங்களுக்குப் பின் கருப்பை நீரை ஊசியால் எடுத்து ஆராய்வர். அதனால் கருச்சிதைவு நேரும் அபாயம் சிறிதளவேனும் உண்டு. எனவே அதனைச் செய்யுமுன் விளைவுகளை விளக்கி, அப்பெண்ணுக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் சம்மதம் பெற்று, அதன் படியொன்றை அவளிடம் தரவேண்டும் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ஆணா பெண்ணா என்று கூறுவதை அச்சட்டம் தடுப்பதை யாவரும் அறிவர். மொழி பற்றிய இவ்விதியை அறிந்தோர் சிலரே. லேக் மார்க்கெட் பக்கத்தில் நெடுநாள் வாழ்ந்து வங்காளம் தேர்ந்த மூத்த தாய்மார்கள் புதிதாக வந்த பெண்களுக்குத் துணையாகச் சென்று, 'இது கணிப்பா, முடிவா?' என்று கேட்டுச் சொல்வார்களானால் பேருதவியாகும்.

இன்னொன்று, தாலசீமியா. வங்கத்தில் மிகுதி, நமக்கில்லை என்று எண்ணற்க. கணவன் மனைவி இருவரும் நோயின்றியே அக்கூற்றைத் தாங்கியவராயின், ஒவ்வொரு கருவிலும் 4-இல் 1 பங்கு நோய்க்கு இடமுண்டு. 'எனக்கு எதற்குச் சோதனை?' என்று அலுவலகத்துக்குப் புறப்படும் கணவன்மார் கவனிக்க: இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் டாக்டரால் கணக்குச் சொல்ல இயலும்.