உடல் இல்லாத கல்லறை



கல்லறைத் திருநாளன்று மாலை, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிளைக் கிராமம் ஒன்றில் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வந்தேன். தீர்த்தச் செம்பு பிடித்திருந்த பீடச்சிறுவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். "சாமி, இதுக்கு மட்டும் ஏன் யாரும் மெழுகுதிரி ஏத்தல?"

சாய்ந்த சிலுவை. பாசி படிந்த கல்லில் ஒரு பெயர், சிப்பாய், 1971. நான்கு ஆண்டுகளாக அதன்மேல் தீர்த்தம் தெளித்திருக்கிறேன், ஒருமுறைகூட வாசித்ததில்லை.

விசாரித்தால், அதற்குள் யாருமே இல்லை. அந்தக் காலத்துப் போர்களில் இறந்தவர்களின் உடல் பெரும்பாலும் ஊருக்கு வராது. களத்தருகிலேயே அடக்கம் முடிந்துவிடும். வீட்டுக்குத் தந்திதான் வரும். கார்கில் போரின்போதுதான் உடல்களை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நிலைபெற்றது. அப்போதும், 1999 மே 29 அன்று பட்டாலிக்கில் வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனின் உடலை மீட்க ஜூலை ஆகிவிட்டது. அவருக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. மேஜர் முகுந்த் வரதராஜனை 'அமரன்' படம் பார்த்த பிள்ளைகள் அறிவார்கள். நம் சிப்பாய்க்கு இந்தக் கல் ஒன்றுதான்.

இளைஞர்களுக்கு நாட்டுப்பற்று குறைந்துவிட்டது என்று நானும் பிரசங்கத்தில் புலம்பியவன்தான். ஆனால் யோசுவா நூல் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டியதே, பிள்ளைகள் பிற்காலத்தில் "இது என்ன?" என்று கேட்பதற்காக. அந்தச் சிறுவன் கேட்டுவிட்டான். பதில் வைத்திருக்க வேண்டிய நான்தான் விழித்தேன்.

பிறகு அவனும் இளையோர் நால்வரும் தேடி, சிப்பாயின் தங்கையைக் கடலூர் முதுநகரில் கண்டுபிடித்தார்கள். எண்பதை நெருங்கும் பாட்டி. அந்தத் தந்தியை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார். அண்ணன் விடுமுறையில் வந்தால் வாய்க்காலில் நண்டு பிடித்ததைத்தான் அதிகம் சொன்னாராம். ஒரு பெண்பிள்ளை நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தாள்.

போரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லைக்கு அப்பாலும் தந்தி வாங்கிய தாய்மார் உண்டு. யூதா மக்கபே தன் வீரர்கள் குற்றமற்றவர்கள் என்று எண்ணிக் காணிக்கை திரட்டவில்லை. அவர்களின் பாவம் தெரிந்தே எருசலேமுக்கு இரண்டாயிரம் வெள்ளிக்காசு அனுப்பி, அவர்களுக்காக மன்றாடினார்.

டிசம்பர் 7 கொடிநாள். அன்று மாலைத் திருப்பலியில் அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடுவோம். பிள்ளைகள் கல்லைக் கழுவிச் சிலுவையை நிமிர்த்திவிட்டார்கள். பாட்டியை ஆட்டோவில் அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் திரியை அவர்தான் ஏற்றுவார்.